நான் கிழித்த சீட்டு

படிப்பை முடித்து எக்ஸ்ரே அறைக்குள் வந்த முதல் வாரத்திலேயே யாராவது ஒரு டாக்டர் உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். கேஷுவால்டியிலிருந்து அவசரமாக வருவார், திரையை ஒரு பார்வை பார்ப்பார், பிறகு உங்கள் பக்கம் திரும்புவார். "என்னங்க, ஏதாவது தெரியுதா?"

அதற்குப் பதில் சொல்வது நம் வேலை இல்லை என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள். படம் எடுப்பது நாம், படித்து அறிக்கை எழுதுவது ரேடியாலஜிஸ்ட். சரிதான். ஆனால் ரேடியாலஜிஸ்ட் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வருகிற ஊரில், மற்ற நாட்களில் யாரும் கை கால் ஒடித்துக்கொள்ளாமலா இருக்கிறார்கள்? கேட்பார்கள். நீங்களும் சொல்வீர்கள். நான் முப்பது வருஷத்துக்கு மேல் சொன்னேன்.

என் பெயர் கலியபெருமாள். ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அரியலூரில் ஒன்று, பெரம்பலூரில் ஒன்று என்று அதற்கு இரண்டு கிளை. பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக அனுபவங்களை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். வழக்கமாக இந்த மாதிரிக் கட்டுரைகளில், யாரும் பார்க்காததை நான் பார்த்தேன், ஓர் உயிர் பிழைத்தது என்று எழுதுவார்கள். என்னிடமும் அப்படி நாலைந்து கதை இருக்கிறது. அவற்றைத் தேநீர் நேரத்தில் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். நான் இங்கே எழுதப்போவது பொறாமையைப் பற்றி.

லூர்துமேரி எங்கள் அரியலூர் கிளைக்கு வந்தபோது எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. வரதராஜன்பேட்டைக்காரர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அதனாலோ என்னவோ ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு முன் அதைச் சரிபார்த்துக்கொள்வது போலப் பேசுவார். தினமும் ஜெயங்கொண்டம் வழியாக பஸ் மாறி வருவார். வந்ததும் கை கழுவிவிட்டு வேலையைத் தொடங்குவார். வம்பு கிடையாது. முதல் மாதம் அவரை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அப்புறம் அந்தச் செந்துறை ரோடு ஆள் வந்தான். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, வலது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். படம் எடுத்தது நான். காறை எலும்பு பளிச்சென்று இரண்டாக இருந்தது. நான் டாக்டரிடம், "காறை எலும்பு போயிருக்கு சார்," என்றேன். அவரும், "ஆமா ஆமா," என்றார். பின்னால் நின்ற லூர்துமேரி படத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தோள் படத்தின் ஓரத்தில் கொஞ்சம் நெஞ்சும் விழும் இல்லையா, அந்த இடம்.

"சார், இங்க நுரையீரல் கொஞ்சம் உள்ள தள்ளி நிக்கிற மாதிரி இருக்கு. வெளியில ஒரு மெல்லிசு கோடு. நெஞ்சுக்குத் தனியா ஒரு படம் எடுத்துப் பார்க்கலாமா?"

எடுத்தோம். விலா எலும்பு குத்தி, நுரையீரலுக்கு வெளியே காற்று சேர்ந்திருந்தது. டாக்டர் அன்றே குழாய் போட்டார். அவன் பிழைத்தான்.

இதில் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒரு முறிவு கண்ணில் பட்டதும் மனசு திருப்தியடைந்து தேடுவதை நிறுத்திவிடும். நம் தொழிலில் பாதித் தவறு அங்கேதான் நடக்கிறது. ஆனால் அன்று நான் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ளவில்லை. டாக்டர் போகும்போது என்னைப் பார்க்காமல், "தேங்க்ஸ் மேடம்," என்று சொன்னதை மட்டும் மனதில் போட்டுக்கொண்டேன்.

அந்த வாரத்திலிருந்து ஒரு மாற்றம் வந்தது. வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், நான் கவனித்தேன். கேஷுவால்டியிலிருந்து வரும் டாக்டர்கள் வாசலில் ஒரு கணம் நிற்பார்கள். என் நாற்காலி வாசலுக்குப் பக்கம், அவருடையது உள்ளே. இருவரும் இருந்தால் என்னைத் தாண்டி உள்ளே போனார்கள். நான் மட்டும் இருந்தால், "மேடம் இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு, பிறகு என்னிடம் படத்தைக் காட்டினார்கள். அந்த "இல்லீங்களா" எனக்கு நெஞ்சில் முள் மாதிரி இருக்கும்.

வீட்டில் போய்ப் புலம்புவேன். அந்தம்மா அப்படிச் சொல்லுச்சு, இந்த டாக்டர் இப்படிக் கேட்டான். என் மனைவி ஒரு நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "தினம் வூட்டுல அவங்க பேர்தான். அவங்களுக்கும் ஒரு தட்டு வச்சிடவா?"

எனக்குக் கோபம் வந்தது. எழுந்து கை கழுவிவிட்டேன். பொறாமை என்ற வார்த்தை எனக்கு அப்போது தோன்றவே இல்லை. 'என் அனுபவத்துக்கு மரியாதை இல்லை' என்றுதான் நினைத்தேன். பொறாமை தன் சொந்தப் பெயரில் வருவதே இல்லை.

இதற்கு நடுவில் எங்கள் ரேடியாலஜிஸ்ட் ஒரு ஏற்பாடு கொண்டுவந்தார். நாங்கள் அவரைப் பெரிய டாக்டர் என்போம். பெரம்பலூரில் இருப்பார், செவ்வாயும் வெள்ளியும் காலையில் அரியலூர் வருவார். "எப்படியும் நீங்க கருத்து சொல்லத்தான் போறீங்க. வாய்ல சொல்றதை ஒழுங்கா எழுதுங்க," என்றார். ஒவ்வொரு படத்தோடும் ஒரு சிறிய சீட்டு. அதில் மூன்றே கட்டம்: இருக்கு, இல்லை, தெரியலை. படம் எடுத்தவர் ஒன்றில் டிக் போட வேண்டும். பெயர் எழுத வேண்டாம். பெயர் கேட்டால் பயந்துகொண்டு எல்லோரும் 'தெரியலை'யிலேயே டிக் போடுவோம் என்று அவருக்குத் தெரியும். பிறகு அவர் தன் அறிக்கையோடு அந்தச் சீட்டை ஒப்பிட்டுப் பார்ப்பார். மாதக் கடைசிச் சனிக்கிழமை இரண்டு கிளை ஆட்களையும் உட்கார வைத்து, நாங்கள் தப்பாகச் சொன்ன படங்களைத் திரையில் போட்டுக் காட்டுவார்.

பெயர் இல்லை என்றாலும் ரிஜிஸ்டரில் எடுத்தவர் கையெழுத்து இருக்குமே. யார் எப்படி என்பது இரண்டாவது மாதமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. லூர்துமேரியின் சீட்டுகள் ஏறக்குறைய எல்லாம் சரி. அதைவிட எனக்கு எரிச்சலாக இருந்தது, அவர் அடிக்கடி 'தெரியலை' போடுவார். பக்கத்தில் பென்சிலால் ஏதாவது சின்னதாக எழுதியிருப்பார். பெரிய டாக்டர் அதைத்தான் தூக்கிப் பிடித்தார். "பாருங்க, இவங்க 'தெரியலை'ன்னு போட்ட இடத்துல எல்லாம் உண்மையிலயே ஒரு சந்தேகம் இருக்கு. எனக்கே இருக்கு. எதுல சந்தேகப்படணும்னு தெரியுது பாருங்க, அதுதான் கண்ணு."

நான் அதுவரை ஒரு தடவைகூட 'தெரியலை' போட்டதில்லை. அதை என் பெருமை என்று நினைத்திருந்தேன்.

அவரை முந்த வேண்டும் என்று நான் கிளம்பினேன். படத்தில் இல்லாததை எல்லாம் கண்டுபிடிக்க ஆரம்பித்தேன். மீன்சுருட்டியிலிருந்து நடவு நேரத்தில் ஒரு விவசாயி வந்தார். வரப்பில் கால் பிசகியிருந்தது. கணுக்காலுக்குப் பின்னால் ஒரு சின்ன எலும்புத் துண்டு தெரிந்தது. சிலருக்குப் பிறவியிலேயே அப்படி ஓர் உபரி எலும்பு இருக்கும். விளிம்பு வழவழவென்று உருண்டையாக இருந்தால் அது உடைந்ததில்லை என்று எனக்குத் தெரியும், இருபது வருஷமாகத் தெரியும். ஆனால் அன்று அது எனக்கு முறிவாகத்தான் தெரிந்தது, முறிவு எனக்குத் தேவைப்பட்டதால். 'இருக்கு' என்று டிக் போட்டேன். மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். பெரிய டாக்டர் வந்து பார்த்து, கூப்பிட்டுக் கட்டைப் பிரிப்பதற்குள் அவர் நிலத்தில் நாற்று முற்றிப்போயிருந்தது. இல்லாததை இருக்கு என்று சொல்வது ஜாக்கிரதை இல்லை. அதற்கும் ஒருவர் எங்கோ வயல்காட்டில் விலை கொடுக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை என் கணுக்கால் படம் திரையில் வந்தது. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. லூர்துமேரி மட்டும் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காக வெட்கப்படுகிறார் என்று தோன்றியது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இனிச் சொல்லப்போவது பழனியம்மாள் கதை.

கீழப்பழுவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். ஐம்பத்தேழு வயது. ஒரு வெள்ளிக்கிழமை சோற்றுக் குண்டானை இறக்கும்போது ஈரத்தரையில் வழுக்கி, இடுப்பு அடிபட உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளுக்குச் சோறு போட்டு முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறி வந்தாராம். அவர் வந்தபோது பெரிய டாக்டர் பெரம்பலூர் கிளம்பிவிட்டார். லூர்துமேரிக்குப் பணி முடிகிற நேரம். அவர்தான் படம் எடுத்தார், சீட்டு வைத்தார், ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார், பஸ்ஸுக்கு ஓடினார். நான் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

படம் திரையில் இருந்தது. சீட்டு மேஜையில் இருந்தது. 'தெரியலை'யில் டிக். பக்கத்தில் பென்சிலில், 'பக்கவாட்டுப் படம் தேவை. இடுப்பை அசைத்தால் வலி.'

நான் படத்தைப் பார்த்தேன். தொடை எலும்பின் கழுத்து நேராக இருந்தது. எங்கும் விரிசல் இல்லை. பந்தும் கிண்ணமும் சரியாக இருந்தன. 'இதுல என்ன தெரியலை?' என்று நினைத்தேன். 'எல்லாத்துக்கும் தெரியலைன்னு போட்டுட்டா தப்பே வராதுல்ல. அப்புறம் அதுக்கு ஒரு பாராட்டு வேற.'

வெளியே பெஞ்சில் இருந்த பழனியம்மாளிடம் போய்க் கேட்டேன். "நடக்க முடியுதாம்மா?"

"நடந்துதான்யா வந்தேன். வலிக்குது, ஆனா நடந்துதான் வந்தேன்."

அது போதும் என்று தோன்றியது. பக்கவாட்டுப் படம் எடுக்கப் பத்து நிமிஷம்கூட ஆகாது. மெஷின் சும்மாதான் இருந்தது. எடுத்திருக்கலாம். ஆனால் எடுத்தால் அவர் சொன்னதை நான் செய்த மாதிரி ஆகிவிடும். அந்தச் சீட்டை இரண்டாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். புதுச் சீட்டு எடுத்து 'இல்லை'யில் டிக் போட்டேன். கேஷுவால்டியில் புதிதாக வந்த சின்ன டாக்டர் எட்டிப்பார்த்து, "சார், ஓகேதானே?" என்றார். "ஒண்ணுமில்ல சார், சதை பிசகல்தான்," என்றேன். மாத்திரையும் தைலமும் கொடுத்து அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை மதியம் பழனியம்மாளை ஒரு வேனில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். ஸ்ட்ரெச்சரில் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. சனியும் ஞாயிறும் வீட்டில் நடந்திருக்கிறார். திங்கள் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது வாசற்படியில் அப்படியே சரிந்துவிட்டாராம். முதலில் எலும்பு ஒன்றுக்குள் ஒன்று செருகி நின்றிருக்கிறது. அதனால்தான் நடக்க முடிந்திருக்கிறது. நடந்ததில் அது நழுவிவிட்டது. முதல் நாளே தெரிந்திருந்தால் இரண்டு மூன்று ஆணியோடு போயிருக்கும். இப்போது மூட்டையே பாதி மாற்ற வேண்டும்.

திங்கட்கிழமைப் படத்தை நான்தான் எடுத்தேன். பலகையில் மாற்றும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வலியில் பிடித்த பிடி.

"அன்னிக்கு ஒண்ணுமில்லன்னுதானேய்யா சொன்னீங்க?" என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை. தான் சரியாகக் கேட்டுக்கொண்டோமா என்ற சந்தேகத்தில் கேட்டார்.

நான், "மூச்சை அடக்கிக்கங்கம்மா," என்றேன்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை. பெரிய டாக்டர் முதல் படத்தைத் திரையில் போட்டுப் பெரிதாக்கினார். பந்துக்குக் கீழே, கழுத்தின் மேல்பக்கம், நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. எலும்புகள் ஒன்றில் ஒன்று அழுந்திய இடம். இப்போது எனக்கும் நன்றாகத் தெரிந்தது. அன்று நான் கறுப்பு விரிசலைத்தான் தேடியிருக்கிறேன், வெள்ளைக் கோட்டைத் தேடவில்லை. உண்மையைச் சொன்னால் நான் எதையுமே தேடவில்லை.

"இதுக்கு 'இல்லை'ன்னு சீட்டு இருக்கு," என்றார் பெரிய டாக்டர். ரிஜிஸ்டரைப் பார்த்தார். "லூர்துமேரி, நீங்களா? ஆச்சரியமா இருக்கே."

அவர் எழுந்து நின்றார். சீட்டை வாங்கிப் பார்த்தார். பின்பக்கம் திருப்பியும் பார்த்தார், பென்சில் எழுத்து எங்கும் இல்லை. ஒரு டிக் மார்க்குக்கு என்ன கையெழுத்து அடையாளம் இருக்கிறது?

"நான் 'தெரியலை' போட்டதாத்தான் சார் ஞாபகம்."

"டிக் இங்க இருக்கேம்மா."

"ஆமா சார்." சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அவசரமாப் போட்டேன். அப்ப நான்தான் மாத்திப் போட்டிருப்பேன்."

அந்தச் சின்ன டாக்டர் அதற்குள் மேற்படிப்புக்கு இடம் கிடைத்துப் போய்விட்டிருந்தார். என்னைத் தவிர உண்மை தெரிந்த ஆள் அந்த அறையில் இல்லை. வாயைத் திறக்க எனக்கு ஒரு நிமிஷம் முழுதாகக் கிடைத்தது. நான் திறக்கவில்லை. பயம் ஒரு காரணம். இன்னொன்றையும் எழுதியாக வேண்டும், இல்லையென்றால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. அவர் தலைகுனிந்து உட்கார்ந்தபோது எனக்கு உள்ளே இனித்தது. ஒரு நொடிதான். ஆனால் இனித்தது.

அதற்குப் பிறகு டாக்டர்கள் வாசலிலேயே நின்றார்கள். என் நாற்காலியிடம். "சார், ஏதாவது தெரியுதா?" எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் உள்ளே இருந்த நாற்காலியில் நடந்ததையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். லூர்துமேரியின் சீட்டுகள் எல்லாமே 'தெரியலை' ஆகிவிட்டன. ஒரு சின்னப் பெண்ணின் மணிக்கட்டு ஒடிந்து வளைந்தே நிற்கும், ரோட்டில் போகிறவருக்கும் தெரியும், அதற்கும் 'தெரியலை'. யாராவது கேட்டால், "கலியபெருமாள் சாரைக் கேட்டுக்கங்க," என்பார். பென்சிலை அவர் எடுப்பதே இல்லை.

ஒரு நாள் அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். அதுவரை போட்டதில்லை.

"கண்ணுல என்னம்மா?"

"டவுன்ல போயி செக் பண்ணினேன் சார். கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு சொன்னாங்க. நான்தான் பிடிவாதமா ஒரு கண்ணாடி குடுங்கன்னு வாங்கிட்டு வந்தேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போட்டும் பார்த்துட்டேன். எனக்கு நம்பிக்கை வரலை. ஆபீஸ்ல ரெக்கார்டு செக்‌ஷனுக்கு மாத்தச் சொல்லி லெட்டர் குடுத்திருக்கேன் சார். படத்தைப் பார்த்தாலே அந்தம்மா காலுதான் தெரியுது."

ஒரு நல்ல கண்ணை டாக்டரிடம் போய்ப் பரிசோதித்துக்கொள்ள வைத்திருக்கிறேன். அந்தக் கண்ணாடி வில்லையில் பவரே இல்லை. அதைப் போட்டுக்கொண்டு அவர் திரையை நெருங்கி நெருங்கிப் பார்த்தார். எனக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை.

"அந்தச் சீட்டை மாத்தினது நான்."

அவருக்குப் புரியவில்லை.

"நீங்க 'தெரியலை'ன்னுதான் போட்டிருந்தீங்க. பக்கவாட்டுப் படம் எடுக்கச் சொல்லி எழுதியிருந்தீங்க. நான் கிழிச்சுப் போட்டுட்டு வேற வச்சேன்."

கண்ணாடியை மெதுவாக அதன் உறையில் வைத்து மூடினார். "எதுக்கு சார்?"

"பொறாமைம்மா."

முதல் தடவையாக அந்த வார்த்தையை நான் வாயால் சொன்னேன். ஐம்பது வயது தாண்டிய ஆள் சொல்வதற்கு அது எவ்வளவு சின்ன வார்த்தை!

அவர் அழவில்லை. திட்டவும் இல்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "மூணு வாரமா நான் என் கண்ணை நம்பலை சார். கோயில்ல போயி பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். ஒருத்தரை நொண்டியாக்கிட்டேன்னு சாமியார்கிட்ட சொல்லி அழுதேன். நீங்க எதிர்லயே உக்காந்திருந்தீங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? சனிக்கிழமை சொல்லுங்க, எல்லார் முன்னாடியும். அந்தம்மாகிட்டயும் போய்ச் சொல்லுங்க."

சனிக்கிழமை சொன்னேன். எழுந்து நின்று, எழுதிவைத்த காகிதத்தைப் பார்த்துப் படித்தேன், இல்லையென்றால் எங்காவது மழுப்பியிருப்பேன். பெரிய டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "படத்தைத் தப்பாப் பார்த்தீங்களா, இல்ல பார்க்கவே இல்லியா?" பார்க்கவே இல்லை என்றேன். "தப்பாப் பார்த்திருந்தா உங்களுக்கு நான் சொல்லித் தரலாம்," என்று சொல்லிவிட்டு அடுத்த படத்தைப் போட்டார். மெமோ வந்தது. மூன்று மாதம் நான் சீட்டு எழுதக் கூடாது என்றும், டாக்டர்கள் என்னிடம் கருத்துக் கேட்கக் கூடாது என்றும் உத்தரவு. அதன் பிறகு சீட்டில் பெயர் எழுதும் வழக்கம் வந்தது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் மாற்றக் கூடாது, கீழே தன் கருத்தைச் சேர்க்கலாம் என்றார்கள். இன்று நீங்கள் கணினியில் அப்படித்தானே செய்கிறீர்கள்? அந்த விதி எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மறுநாள் கீழப்பழுவூர் போனேன். பழனியம்மாள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பிடித்து நடக்கிற ஸ்டாண்டு. நான் நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப அந்தப் பொண்ணு இன்னொரு படம் எடுக்கச் சொல்லியிருக்கு."

"ஆமாம்மா."

"நீ எடுக்கலை."

"எடுக்கலைம்மா."

"நின்னு சமைக்கிற வேலைய்யா எனக்கு. இன்னும் மூணு வருஷம் இருந்துச்சு. இப்ப வேற ஆளு போட்டுட்டாங்க. அந்தப் பிள்ளைங்க எல்லாம் என்னைப் பேர் சொல்லிக் கூப்புடும்." தன் காலைப் பார்த்துக்கொண்டார். "நான் மன்னிச்சிட்டேன்னு சொல்லணும்னு வந்தியா? எனக்கு அது இப்ப வரலை. வெயில்ல வந்திருக்கே, தண்ணி குடிச்சிட்டுப் போ."

தண்ணீர் குடித்தேன். அதன் பிறகும் இரண்டு மூன்று தடவை போயிருக்கிறேன். அவர் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. உங்களில் யாராவது தவறு செய்தால், மன்னிப்பு வாங்கப் போகாதீர்கள். உண்மையைச் சொல்லப் போங்கள். இரண்டும் வேறு வேறு.

லூர்துமேரி ரெக்கார்டு செக்‌ஷன் போகவில்லை. லெட்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பழைய நிதானம் வருவதற்குச் சில மாதம் பிடித்தது. என்னிடம் வேலை விஷயம் மட்டும் பேசினார். பிறகு பெரம்பலூர் கிளைக்குப் பொறுப்பாளராகப் போனார். நான் அரியலூரிலேயே ஓய்வு பெற்றேன். பிரிவு உபசாரத்துக்கு அவர் வந்தார், கைகூப்பினார், சாப்பிடாமல் போய்விட்டார்.

போன வருஷம் எனக்கு இருமல் விடவே இல்லை. ஒரு மாதம் ஆனதும் மனைவி பயந்துவிட்டாள். வீட்டிலிருந்து அரியலூர் கிளை நடக்கிற தூரம். "அங்க போயி ஒரு படம் எடுத்துக்கிட்டு வந்துடுங்களேன்," என்றாள். நான் பஸ் ஏறிப் பெரம்பலூர் போனேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. தன் நெஞ்சை யாரிடம் காட்ட வேண்டும் என்று பொறாமைப்பட்டவனுக்குத் தெரியாமல் இருக்குமா? அத்தனை வருஷம் அவரை உற்றுப் பார்த்தவன் நான்தானே.

லூர்துமேரி என்னைப் பார்த்ததும், "வாங்க சார்," என்றார். தானே படம் எடுத்தார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு திரைப் பக்கம் நகர்ந்தேன்.

"நீங்க ஸ்கிரீனைப் பார்க்கக் கூடாது. என் மூஞ்சியையும் பார்க்கக் கூடாது. வெளியில உக்காருங்க."

வெளியில் பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அவரிடம் தணிந்த குரலில், "மேடம், ஏதாவது தெரியுதா?" என்று கேட்டது காதில் விழுந்தது. என் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறதோ என்று பயந்துகொண்டிருக்கிறேன். அந்த நேரத்திலும் அந்தக் கேள்வி என்னிடம் கேட்கப்படவில்லையே என்று ஒரு சுருக். வெட்கமாக இருந்தது, ஆனால் இருந்தது.

அவர் வெளியே வந்தார். "வலது பக்கம் மேல ஒரு நிழல் இருக்கு சார். பழைய தழும்பு மாதிரித்தான் இருக்கு. ஆனா பழசுதானான்னு எனக்குத் தெரியலை. பெரிய டாக்டர் இருக்காரு. அவர் பார்த்த அப்புறம்தான் நீங்க பஸ் ஏறணும்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நினைக்கிறதை எல்லாம் சொல்லமாட்டேன் சார். தெரிஞ்சதைச் சொல்லிட்டேன்."

பெரிய டாக்டர் பார்த்தார். சளிப் பரிசோதனை செய்தார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி படம் எடுத்து ஒப்பிட்டார்கள். நிழல் அப்படியே இருந்தது. எப்போதோ வந்து ஆறிய ஏதோ ஒன்றின் தழும்பு, பயப்பட வேண்டாம் என்றார்கள். இருமலுக்குக் காரணம் வேறு, அது தானாகப் போய்விட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால், முதல் நாளே, "ஒண்ணுமில்ல, பழைய தழும்பு," என்று சொல்லியிருப்பேன். அது சரியாகவும் இருந்திருக்கும். சனிக்கிழமைக் கூட்டத்தில் எனக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடைத்திருக்கும். ஆனாலும் படத்தைச் சரியாகப் பார்த்தவர் அவர்தான். சரியாகச் சொல்வதும் சரியாகப் பார்ப்பதும் ஒன்றில்லை என்று எனக்குப் புரிவதற்கு என் நெஞ்சே படமாகத் தேவைப்பட்டிருக்கிறது.

அதை அவர் எப்போதோ தெரிந்துவைத்திருந்தார். நினைத்தால் இன்றைக்கும் பொறாமையாகத்தான் இருக்கிறது.